சுயேச்சை எண்ணெய் உற்பத்தியாளர்களின் வருடாந்திரக் கூட்டம்: முதலாளிக்குப் பதிலாக நான் போகிறேன், எதில் உட்காருவது?

கணக்கேடு:
வணக்கம். ஒக்லஹோமாவில் ஒரு சின்ன எண்ணெய் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். குடும்ப நிறுவனம். எல்லாமே பழைய செங்குத்துக் கிணறுகள், ஒவ்வொன்றும் நாளைக்கு மூன்று, நான்கு பீப்பாய்தான் கொடுக்கும். இதற்கு முன் மருத்துவமனைக் கணக்கில் இருந்தேன், இந்தத் தொழிலுக்குப் புதிது.

முதலாளிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மாநில உற்பத்தியாளர் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்துக்கு என்னைப் போகச் சொல்லிவிட்டார். நிகழ்ச்சி நிரலில் கோல்ஃப், களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் போட்டி, அரசியல்வாதிகளின் உரை, வரிக் குழு, ஒழுங்குமுறைக் குழு, கண்காட்சி அரங்கு என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. பல நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில். எதில் உட்கார்ந்தால் எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்குப் பயன்? கேள்வி கேட்கலாமா, சும்மா கேட்டுக்கொண்டு வரவேண்டுமா?

பம்ப்ஜாக்:
தாராளமாகக் கேள்வி கேளுங்கள். கான்சஸிலும் ஒக்லஹோமாவிலும் நெடுங்காலமாக உற்பத்திப் பொறியாளராக இருக்கிறேன், பெரும்பாலும் உங்களுடையதைப் போன்ற கிணறுகளில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "சுயேச்சை" என்றால் சிறியவர் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தரையிலிருந்து எடுப்பது மட்டும் தொழில், சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோல் பங்கும் இல்லை என்றால் சுயேச்சைதான். அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காண்டினென்டல் ரிசோர்சஸ் மாதிரி மிகப்பெரிய நிறுவனமும் சுயேச்சை, உங்கள் முதலாளியும் சுயேச்சை. இருவரும் ஒரே அரங்கில் ஒரே மாதிரி பெயர் அட்டை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பல விஷயங்களில் இருவருக்கும் ஒரே நலன். சிலவற்றில் நேர் எதிர்.

தொடக்கத்தில் எதிரி வெளியே இருந்தார். 1929இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஹூவர் அரசு கூட்டிய எண்ணெய் மாநாட்டின்போதுதான் தேசியச் சங்கமான ஐ.பி.ஏ.ஏ. பிறந்தது. முதல் தலைவர் வர்ட் ஃபிராங்க்ளின், உங்கள் ஒக்லஹோமாவின் ஆர்ட்மோர்க்காரர். பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து மலிவாக எண்ணெய் கொண்டுவந்து இறக்கினால் உள்ளூர்க்காரர் பிழைக்க முடியாது என்பதுதான் அவர்களின் கவலை. 1932இல் இறக்குமதிக் கச்சா எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 21 சென்ட் வரி வந்ததில் அந்தப் போராட்டத்துக்குப் பங்கு உண்டு.

இப்போதைய சிக்கல் பக்கத்து நிலத்தில் இருக்கிறது. ஒருவர் இரண்டு மைல் நீளத்துக்குக் கிடைமட்டமாகத் துளைபோட்டு, பெரும் அழுத்தத்தில் நீரும் மணலும் செலுத்துகிறார். அது பாறைப் பிளவு வழியே உங்கள் பழைய கிணற்றுக்குள் புகுந்துவிடும். பம்ப் மணலால் அடைபடும், உறைகுழாய் கெடலாம், நான்கு பீப்பாய் கொடுத்த கிணறு வெறும் தண்ணீர் கொடுக்கும். சில கிணறுகள் திரும்பவே திரும்பாது. இந்தக் கோபத்தில்தான் 2017இல் ஒக்லஹோமாவின் செங்குத்துக் கிணற்றுக்காரர்கள் தனியாக ஒரு கூட்டணி அமைத்தார்கள். புதுக் கிணறுகளுக்கு முதல் 36 மாதம் 2 சதவீதம்தான் உற்பத்தி வரி என்ற சலுகையையும் எதிர்த்தார்கள். எண்ணெய்க்காரர்களே வரியை ஏற்றச் சொன்னார்கள்! 2018இல் சட்டமன்றம் அதை 5 சதவீதமாக்கியது.

ஆகவே உங்கள் இடம் ஒழுங்குமுறைக் குழு. மேடை உரைகளை விட்டாலும் இதை விடாதீர்கள். இந்த மாதிரிக் கூட்டங்களுக்குக் கார்ப்பரேஷன் கமிஷன் (எண்ணெய்க் கிணறுகளை மேற்பார்க்கும் மாநில அமைப்பு) ஆட்களும் வருவதுண்டு. பக்கத்தில் ஃப்ராக் செய்பவர், அதாவது மேலே சொன்னபடி நீரும் மணலும் செலுத்திப் பாறையைப் பிளப்பவர், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அறிவிப்பு உங்கள் நிறுவனத்தில் யார் கைக்கு வருகிறது, கமிஷன் பதிவில் இருக்கும் முகவரி சரியானதா என்று போவதற்கு முன்பே பாருங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் கிணற்றை முன்னதாக நிறுத்திவைக்க முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

அப்புறம், கணக்கர் என்பதால் உங்களால்தான் முடிகிற வேலை ஒன்று. ஒவ்வொரு கிணற்றின் மாதாந்திர எண்ணெய், தண்ணீர் அளவைக் கையில் கொண்டுபோங்கள். சேதம் நடந்தபின் பேச்சுவார்த்தையில் நிற்பது அந்தத் தாள்தான்.

வரிக்காரி:
பம்ப்ஜாக் அண்ணா சொன்னதற்கு மேல் ஒரு வரி. ஒழுங்குமுறைக் குழுவும் வரிக் குழுவும் ஒரே நேரத்தில் இல்லையென்றால் இரண்டுக்கும் போங்கள்.

1975இல் பெரிய ஒருங்கிணைந்த நிறுவனங்களிடமிருந்து சதவீத டிப்ளீஷன் சலுகையை (எண்ணெய் தீர்ந்துவருவதற்காக வருமானத்தில் ஒரு சதவீதத்தை வரிக்கணக்கில் கழித்துக்கொள்வது) பறித்தபோது, சுயேச்சைக்காரர்களுக்கும் ராயல்டி பெறுபவர்களுக்கும் விட்டுவைத்தார்கள். மொத்த வருமானத்தில் 15 சதவீதம், நாளைக்கு 1,000 பீப்பாய் வரை. சுத்திகரிப்பு சராசரியாக நாளைக்கு 75,000 பீப்பாயையும், சில்லறை விற்பனை வருடத்துக்கு 50 லட்சம் டாலரையும் தாண்டக்கூடாது. உங்கள் நிறுவனம் இதற்குள் சுலபமாக வரும். நாளைக்கு 15 பீப்பாய்க்குள் கொடுப்பவை விளிம்புநிலைக் கிணறுகள். எண்ணெய் விலை 20 டாலருக்குக் கீழே விழுந்தால் அவற்றுக்கு இந்த விகிதம் 25 வரை ஏறும். மருத்துவமனைக் கணக்கிலிருந்து வருபவருக்கு இது புதிது. முதலீட்டுத் தொகை முழுவதும் கழிந்தபின்னும் இந்தக் கழிவு தொடரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலப்பதிவு:
முதலாளி கிணறு வாங்க, விற்க நினைக்கிறாரா? அதற்கு ஹூஸ்டனில் பிப்ரவரியில் நடக்கும் நேப் சந்தை. 1993இலிருந்து நடக்கிறது. மாநிலச் சங்கக் கூட்டத்தில் வியாபாரம் தேடி அலையவேண்டாம்.

மூடாத கிணறு:
யாரும் தொடாத கேள்வி. முதலாளிக்கு வயதாகிறது போலிருக்கிறது. அவருக்குப்பின் இந்தக் கிணறுகளை மூடப்போவது யார்? 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் ஆதரவற்ற கிணறுகளுக்காக 470 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அது உரிமையாளர் காணாமல் போன கிணறுகளுக்கு. உங்கள் கிணற்றை நீங்கள்தான் சிமென்ட் போட்டு மூடவேண்டும். கண்காட்சி அரங்கில் கிணறு மூடும் ஒப்பந்தக்காரர்கள் இருந்தால் செலவு மதிப்பீடு கேளுங்கள். அந்தத் தொகை இன்றைக்கு உங்கள் புத்தகத்தில் எங்கே நிற்கிறது?

கணக்கேடு:
எல்லோருக்கும் நன்றி. மூடும் செலவு எங்கள் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. இன்று மாலையே முதலாளியிடம் பேசப்போகிறேன். கமிஷன் பதிவையும் பார்த்தேன், முகவரி பழைய அலுவலகம்! இன்னொரு சந்தேகம்: மற்ற சிறிய நிறுவனங்களிடம் கிணறு பழுதுபார்க்கும் வண்டிக்கு மணிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்கலாமா?

பம்ப்ஜாக்:
முகவரி மாற்றத்தை இன்றே அனுப்புங்கள், கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

வண்டிக் கூலி விஷயத்தில் கவனம். ஒப்பந்தக்காரரிடமே நேராக விலை கேட்பதில் தவறில்லை. ஆனால் உற்பத்தியாளர்கள் கூடிநின்று "இதற்கு மேல் யாரும் கொடுக்கக்கூடாது" என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், அது வியாபாரப் போட்டியைக் கெடுப்பதற்கு எதிரான சட்டத்தில் சிக்கும். பழுதைப் பற்றிப் பேசுங்கள்: பம்பை இயக்கும் கம்பியான ராடில் எது எத்தனை மாதம் தாங்குகிறது, உப்புநீரை எங்கே அனுப்புகிறார்கள், துருவுக்கு என்ன ரசாயனம். மதிய உணவில் ஆளுநர் பக்கம் இடம் தேடாமல், கிணற்றைத் தாங்களே சுற்றிப் பார்க்கும் பெரியவர்கள் உட்காரும் மேசையில் உட்காருங்கள். கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.