நவரை மாதிரி தாடி இருக்கு, ஆனா நவரையா இது?

தென்கடல்_பையன்:
ஊர் தங்கச்சிமடம். மச்சான் தூத்துக்குடி போட்டுல ஆழ்கடல் இறாலுக்குப் போறவர். 180 பாக ஆழத்துல (ஒரு பாகம்னா ஆறடி) இழுத்த மடிவலையில, சங்காயத்தோட சங்காயமா, அதான் விலைபோகாத கழிவு மீனோட வந்துச்சுன்னு ஒரு மீனை ஐஸ்ல வச்சுக் கொண்டுவந்தார். ஒரு சாண் நீளம். மேல சாம்பல், வயிறு வெள்ளி, கண்ணு ஒரு ரூபாய்க் காசு அளவு. தாடைக்கு அடியில ரெண்டு மீசை தொங்குது. அம்மாச்சி பார்த்ததுமே "வெளுத்துப்போன நவரைடா"ன்னுட்டாங்க. நாப்பது வருஷம் மீன் வித்தவங்க, எதிர்த்துப் பேச முடியுமா? ஆனா நவரை வடகடல்ல, அதாவது பாக் நீரிணைப் பக்கம், ஏழெட்டு பாகத்துலயே படுமே, அவ்வளவு ஆழத்துல அதுக்கென்ன வேலை?

கடற்காகம்:
மீசை இருந்தா கெளுத்தி. முடிஞ்சுது.

தென்கடல்_பையன்:
கெளுத்திக்குச் செதில் ஏது அண்ணே? இது கையில சொரசொரங்குது.

மண்டபம்_வாத்தியார்:
தம்பி, முதுகுத் துடுப்பைப் பாருங்க. நவரைக்கு ரெண்டு, நடுவுல நல்ல இடைவெளி. ஒரே நீளத் துடுப்பா இருந்து, முன்னால நாலஞ்சு முள்ளு மட்டும் இருந்தா அது பாலிமிக்சியா. தாடிமீன்னு வச்சுக்குவோம், நம்ம கரையில இதுக்கு நான் பேர் கேட்டதில்லை. பெரும்பாலும் 100 பாகத்துலேருந்து 350 பாகம் வரைக்கும் அடியில திரியும். பாலிமிக்சியாங்கிறது 1830கள்ல மதெய்ரா தீவுல இருந்த லோங்கிற ஆங்கிலேயப் பாதிரியார் வச்ச பேர்.

அந்தத் தாடிதான் விசேஷம். செவுளுக்கு அடியில சவ்வைத் தாங்குற எலும்புக் கதிர்கள்ல முதல் மூணும் உருமாறி அதுக்கு முட்டுக்கொடுக்குது. டைனோசர் காலத்துல இதுக்குச் சொந்தக்காரங்க நிறைய. இப்ப மிச்சம் ஒரே குடும்பம், அதுல ஒரே பேரினம். நவரைக்கும் இதுக்கும் கிட்டத்து உறவே இல்லை. ஆனா தாடியை மட்டும் பார்த்தா யாரும் ஏமாறுவாங்க, அம்மாச்சியைக் குறை சொல்லாதீங்க.

கடற்காகம்:
வீடியோவுல வருமே, கறுப்பு மீன், தாடி நுனியில லைட் எரியும். அதுவா?

மண்டபம்_வாத்தியார்:
அது ஸ்டோமியிடே, வேற குடும்பம். அதுக்குத் தாடி ஒண்ணுதான். இதுக்கு விளக்கு கிடையாது. தம்பி, மீனைச் சமைச்சிராதீங்க, மண்டபம் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல காட்டலாம்.

தென்கடல்_பையன்:
லேட் ஆயிருச்சு ஐயா. புளி ஊத்தி இறக்கிட்டாங்க. அரிவாள்மனைப் பக்கத்துல துடுப்பு கிடந்துச்சு, பூனை வர்றதுக்குள்ள எடுத்து எண்ணுனேன். ஒரே நீளத் துண்டு, முன்னால முள்ளு அஞ்சு. அம்மாச்சிகிட்ட சொன்னேன். "ருசி நவரை மாதிரி இல்லதான்"னு ஒத்துக்கிட்டாங்க. பேரை மட்டும் மாத்த மாட்டேங்கிறாங்க.