தொடை இடுக்கு வீக்கமும் நடுவயிற்று மேடும்: கிருஷ்ணகிரி அனுபவம்
கிருஷ்ணகிரியில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம், மாங்காய்ப் பருவத்தில் மண்டியில் பாரம் ஏற்றும் ஒருவர் வந்தார். நின்றால் புடைத்துப் படுத்தால் மறையும் வலது தொடை இடுக்கு வீக்கத்தைக் காட்டி, "தினமும் தண்டால் எடுத்துச் சதையை இறுக்கினா இது அடைஞ்சிடாதா சார்?" என்று கேட்டார்.

அடையாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வயிற்றின் பக்கவாட்டில் மூன்று தட்டையான தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. வெளிச்சாய்தசையின் இழைகள் முன்னோக்கிக் கீழே இறங்க, உட்சாய்தசையின் இழைகள் முன்னோக்கி மேலேற, அடியிலுள்ள குறுக்குத்தசை கிடையாக ஓடுவதால், எத்திசையில் அழுத்தம் வந்தாலும் ஏதேனும் ஓர் அடுக்கு தாங்கிக்கொள்கிறது. ஆனால் தொடை இடுக்கில், ஆண்களுக்கு விந்து நாண் (விந்துக் குழாயும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த கட்டு) வெளியே வருவதற்கென்றே ஏறத்தாழ 4 செ.மீ. நீளத்தில் ஒரு சாய்வான வழி உண்டு. அதன் பின்சுவரின் பெரும்பகுதி மெல்லிய இணைப்புத் திசுப் படலமே. சுருங்கி வலுப்பெறும் ஆற்றல் அப்படலத்துக்கு இல்லாததால், அங்கே குடல் பிதுங்கி வரும் குடலிறக்கம் (ஹெர்னியா) ஏற்பட்டுவிட்டால் எந்தப் பயிற்சியும் அந்தத் திறப்பைத் தைத்துவிடாது. அவரை அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். வீக்கம் உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னேன்.

பாலக்கோட்டிலிருந்து வந்த தாய் ஒருவரின் நிலை முற்றிலும் வேறு. இரண்டாம் பிரசவத்துக்குப் பின், படுத்தபடி தலையைத் தூக்கினாலே நடுவயிறு மேடாக எழும்பியதைக் கண்டு, குடல் இறங்கிவிட்டதென வீட்டார் பயந்து, வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தனர். தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துப் பார்த்தேன்: இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் நேர்தசைகளின் விளிம்பு கெட்டியாகவும், நடுவே இரண்டரை விரல் அகலத்துக்கு மெத்தென்றும் இருந்தது, ஓட்டை எதுவும் தட்டுப்படவில்லை. மார்பெலும்பின் அடிமுனையிலிருந்து இடுப்பின் முன்னெலும்புவரை, பக்கத் தசைகளின் நார்த்தகடுகள் பின்னிச் சேரும் வெண்கோடு என்ற நடுப்பட்டை கருப்பத்தின்போது விரிந்திருக்கிறது, அறுந்துவிடவில்லை. கட்டிய துணி இதமளிக்கலாம், தசையின் வேலையை அது செய்யாது. ஆகவே மூச்சை வெளிவிட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்துக் குறுக்குத்தசையை இயக்கும் பயிற்சியில் தொடங்கினோம். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து எழவும் பழக்கினேன்.

இடைவெளி முழுவதும் மூடிவிடவில்லை. ஆனால் இப்போது அவர் தலையைத் தூக்கும்போது மேடு எழும்புவதில்லை. விரலை அழுத்தினால் நடுக்கோடு இழுத்துக் கட்டியதுபோல் எதிர்த்து நிற்கிறது.