ரோந்துக் குழு: கேட்கிறது, பேசினால் போகவில்லை

செயலாளர் அண்ணன், மாலை 5.10
பெஸ்தாரி ஜெயா (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை) ருக்குன் தெத்தாங்கா அக்கம்பக்கக் காவல் குழு நண்பர்களுக்கு வணக்கம். நேற்று மழையில் ஆற்றோரம் போன மூவருக்கும் தலைவர் பழைய செட்டில் பேசியது நன்றாகக் கேட்டிருக்கிறது. அவர்கள் பேசியது ஒன்றுகூட இங்கே வரவில்லை. அங்கே கைப்பேசிக்கும் லைன் கிடையாது. புது வாக்கி-டாக்கி நான்குமே இப்படித்தான்.

ரோந்து தம்பி, 5.14
பேட்டரி முழுதாக இருந்தது அண்ணே. பழைய செட்டின் திரையில் தெரிந்த அலைவரிசை நம்பரைத்தான் கடையில் புதுசிலும் ஏற்றிக் கொடுத்தார்கள்.

வயர்லெஸ் மாமா, 5.31
அங்கேதான் தப்பு, தம்பி. திரையில் நீ பார்த்தது கேட்கும் நம்பர். பழைய செட்டில் பேசும் பொத்தானை அழுத்திப் பார், நம்பர் மாறும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருக்கும் ரிப்பீட்டர் ஒரு நம்பரில் நம்மைக் கேட்டு, அதே நொடியில் வேறொரு நம்பரில் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அது அனுப்புவதே அதன் காதை அடைத்துவிடும்.
அமெச்சூர் வானொலிக்காரர்கள் 2 மீட்டர் பட்டையில் 0.6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைப்பார்கள். 145.650-இல் கேட்டால் 145.050-இல் பேச வேண்டும். மற்றப் பட்டைகளில் இடைவெளி வேறு. ஊகித்துப் போடவே கூடாது.

நர்ஸ் அக்கா, 5.40
மாமா, தோட்டத்து ஆபீசில் ரிப்பீட்டர் லைசென்ஸ் நகல் வாங்கிவிட்டேன். நம் செட்டில் ஏற்றவும் சம்மதம் சொன்னார்கள். டிஎக்ஸ் (அனுப்பும் நம்பர்), ஆர்எக்ஸ் (கேட்கும் நம்பர்) இரண்டும் இருக்கிறது. அப்படியே ஏற்றலாமா?

வயர்லெஸ் மாமா, 5.47
பொறும்மா. யாருடைய டிஎக்ஸ் என்று முதலில் பார். ரிப்பீட்டருக்கு நேரே எழுதியிருந்தால், அதன் டிஎக்ஸ்தான் நமக்கு ஆர்எக்ஸ். மாற்றிப் போட வேண்டும். கைச்செட்டுக்குத் தனி வரி இருந்தால் மட்டும் அப்படியே எடு. இப்படித் தலைகீழாக ஏற்றிவிட்டு நாள் முழுக்க ஆண்டெனாவைக் கழற்றி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.
டோனையும் பார், அது பேச்சோடு சேர்ந்து போய் ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி. 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸுக்குள் ஒரு எண் இருக்கும். அது தப்பினால், நம்பர் சரியாக இருந்தாலும் ரிப்பீட்டர் திறக்காது.
நகலைப் படமெடுத்துக் குழுவில் போடாதே, எனக்குத் தனியாக அனுப்பு.

ரோந்து தம்பி, 5.52
போலீஸ், பொம்பா (தீயணைப்பு) நம்பரையும் தேடி ஏற்றிவிடலாமா மாமா? வெள்ளம் வந்தால் நேரே கூப்பிடலாம்.

வயர்லெஸ் மாமா, 5.58
உன் மனசு புரிகிறது, ஆனால் வேண்டாம். அவர்கள் பேசும் அரசாங்கத்தின் ஜிஐஆர்என் வானொலிக் கட்டமைப்பு டெட்ரா என்ற டிஜிட்டல் வகை. யார் எந்த நம்பரில் பேசுவது என்று அழைப்புக்கு அழைப்பு அதுவே ஒதுக்கும். நம் சாதாரண செட்டில் அந்த அழைப்பு போகவே போகாது. அனுமதி இல்லாத நம்பரில் அனுப்புவது சட்டப்படி குற்றம் வேறு. அவசரம் என்றால் செட்டில் தலைவருக்குச் சொல், தலைவர் 999-ஐ அழைப்பார்.

செயலாளர் அண்ணன், 6.05
மேட்டில் கரண்டு போனால் என்ன செய்வது?

வயர்லெஸ் மாமா, 6.09
477.0125 முதல் 477.4875 மெகாஹெர்ட்ஸ் வரை 39 பொதுச் சேனல் இருக்கிறது. கேட்பதும் பேசுவதும் ஒரே நம்பர், ரிப்பீட்டர் வேண்டாம். அதற்கென்று அங்கீகாரம் பெற்ற செட்டாகப் பார்த்து இரண்டு வாங்குங்கள். செம்பனைக்குள் தூரம் குறையும், அதனால் நடுவில் ஒருவர் நிற்க வேண்டும்.

செயலாளர் அண்ணன், இரவு 8.42
இரண்டு செட்டில் மாற்றியாயிற்று. தம்பி பாலத்திலிருந்து பேசினான், தெளிவாக வருகிறது. மற்ற இரண்டும் நாளைக்கு.