எச்சில் பரிசோதனையில் வயிற்றுக் கிருமி: உங்கள் அனுபவம் என்ன?

காவிரிக்கரை:
இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரைப்பையில் புண். எண்டோஸ்கோப்பி செய்து, துணுக்குச் சதை எடுத்துப் பார்த்து, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்றார்கள். 14 நாள் மருந்து. நாள் முழுவதும் வாயில் உலோகக் கசப்பு. ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வலி நின்றது. கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதிக்க யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்ற மாதம் ஒரு மருத்துவ முகாமில், ஈறோரம் பஞ்சுக்குச்சியை ஒற்றி எச்சில் எடுத்தார்கள். பாசிட்டிவ். என் அப்பா இரைப்பைப் புற்றுநோயில் போனவர். இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1994-லேயே வகைப்படுத்திவிட்டது. அன்றிரவு நான் கண் மூடவில்லை.

மறுநாள் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்: “எச்சிலில் தேடியது கிருமியை இல்லை அம்மா, அதை எதிர்த்து உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட இருக்கும்.” பிறகு மூச்சுப் பரிசோதனைக்கு அனுப்பினார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் நிறுத்தி, வெறும் வயிற்றோடு போனேன். ஒரு பையில் ஊதி, யூரியா கலந்த நீரைக் குடித்து, அரை மணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதினேன். கிருமி உயிரோடு இருந்தால் அந்த யூரியாவை உடைக்குமாம். அதில் அடையாளத்துக்காக வைத்த கார்பன்-13 என்ற கார்பன் வகை மூச்சில் வந்துவிடுமாம். எனக்கு நெகட்டிவ். அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன்.

நுண்ணோக்கி:
அக்கா, நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ரத்தத்தோடு ஒப்பிட்டால் எச்சிலில் எதிர்ப்பொருள் மிகக் குறைவு. எடுக்கும் விதம், ஈறின் நிலை எல்லாம் முடிவை மாற்றும். ஊசி இல்லை, வலி இல்லை என்பதால் மக்கள் விரும்புகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் மருந்து வேலை செய்ததா என்று பார்க்க இதை ஒருபோதும் நம்பாதீர்கள்.

வைகைவாசி:
எனக்கு நேர்மாறாக நடந்தது. எச்சிலில் நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாகிவிட்டேன். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் மாத்திரை, மூட்டு வலிக்கு அதே கடையில் வலி மாத்திரை என்று ஐந்து மாதம் ஓடியது. ஒருநாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. மயங்கி விழுந்த என்னை என் தம்பிதான் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். சிறுகுடல் தொடக்கத்தில் புண், ரத்தக் கசிவு. துணுக்குச் சதையில் கிருமி இருந்தது. வயிறு எரிகிறவர்கள் ஒரு நெகட்டிவ் தாளை வைத்துக்கொண்டு என்னைப் போல உட்கார்ந்துவிடாதீர்கள். கறுப்பாகப் போனால் அன்றே ஓடுங்கள்.

ஆன்டிபயாடிக் முடிந்து இன்றோடு 3 வாரம். குறைந்தது 4 வாரம் தாண்டித்தான் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அமில மாத்திரையை நிறுத்த வேண்டிய தேதியும், மலப் பரிசோதனைக்குப் போக வேண்டிய தேதியும் எழுதித் தந்திருக்கிறார். தம்பி அதைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.