கனடா குழந்தை உதவித்தொகை: நெல் வருமானத்தை எப்படிக் காட்டணும்?

பாலக்காடு கொழிஞ்சாம்பாறைக் குடும்பம் ஒண்ணுக்காகக் கேக்கறேன். பி.ஆர். (நிரந்தரமாத் தங்கற உரிமை) கிடைச்சு 2025 ஆகஸ்ட்ல கனடா போயிருக்காங்க, ரெண்டு பிள்ளைங்க. பி.ஆர். என்பதால, தற்காலிக விசாக்காரங்க மாதிரி உதவித்தொகைக்கு 18 மாசம் காத்திருக்க வேண்டியதில்ல; அதுக்கான விண்ணப்பம், ஆர்.சி.66 ஃபாரத்தை அம்மா பேர்லயே போடறாங்க.

சிக்கல் கூடவே வைக்கிற வருமான அட்டவணையில. 2023, 2024, அப்புறம் 2025 ஜனவரி 1 முதல் போய் இறங்கின நாள் வரை, கணவன் மனைவி ரெண்டு பேரோட உலக வருமானமும் கனடா டாலர்ல வேணும். இங்க கம்பெனி தர்ற சம்பள-வரிச் சான்று ஃபாரம் 16 ஏப்ரல்–மார்ச் கணக்கு, கனடால கேக்கறது ஜனவரி–டிசம்பர். அதை அப்படியே எழுதினா தப்பு. ஜனவரி–மார்ச் சம்பளச் சீட்டைத் தனியா எடுத்துச் சேர்த்தாச்சு. சம்பளம் இல்லாத மனைவிக்கும் கட்டத்தைக் காலியா விடாம 0 போட்டாச்சு.

நெல்லுதான் பாக்கி. இங்க விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, ஆனா உலக வருமானத்துல அதுவும் வரும். நெல்லை வாங்கற கேரள அரசு நிறுவனம் சப்ளைகோ குடுத்த பி.ஆர்.எஸ். (நெல் கொள்முதல்) ரசீது இருக்கு, உழவுகூலி, உரத்துக்கு ரசீதே இல்ல. செலவைக் கழிச்சுப் போட்டவங்க என்ன ஆதாரம் வெச்சீங்க? நெல்லைக் குடுத்தது ஒரு வருஷம், பணம் வந்தது அடுத்த வருஷம்னா எந்த வருஷத்துல காட்டினீங்க?

இன்னொண்ணு: பிறப்புச் சான்றுல அம்மா பேர் இனிஷியலோட, பாஸ்போர்ட்ல விரிச்சு இருக்கு. பஞ்சாயத்துல திருத்தணுமா, அஃபிடவிட் போதுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.