ஜேஎல்பிடி என்5: எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி: டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுதப்போகிறேன். ஹிரகனா, கதகனா என்ற ஜப்பானிய எழுத்துகள் தெரியும். வகுப்பு இல்லை, தனியாகத்தான் படிக்க வேண்டும். கெங்கியா, மின்னா நோ நிஹோங்கோவா?

பதில் 1: தனியாகப் படிக்க கெங்கி முதல் பாகம். 12 பாடம், இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில் உள்ளேயே இருக்கும். மின்னா முதல் பாகத்தில் 25 பாடம், பயிற்சி ஏராளம். ஆனால் மூலப்புத்தகம் முழுக்க ஜப்பானியம். மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் உள்ள துணைப்புத்தகத்தையும் சேர்த்து வாங்காவிட்டால் முதல் பாடத்திலேயே முட்டி நிற்பீர்கள்.

பதில் 2: எதை வாங்கினாலும் கேட்டல் பயிற்சியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். தேர்ச்சிக்கு 180க்கு 80 போதும். ஆனால் கேட்டலில் 60க்கு 19, மற்ற பகுதியில் 120க்கு 38 கட்டாயம். மொத்தம் 100 வந்தும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், திரும்பப் போடமாட்டார்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. கான்ஜிக்கு (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) தனிப் புத்தகம் வேண்டுமா?

பதில் 1: என்5க்குத் தேவையில்லை. பாடத்தில் வரும் சொல்லோடு சேர்த்தே கான்ஜியைப் படியுங்கள். கான்ஜியை எப்படி உச்சரிப்பது என்று கேட்கும் வினாவில் சில விடைகள் குறில் நெடிலில் மட்டும் மாறும். தனி எழுத்தாக மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். ரோமாஜியில், அதாவது ஜப்பானியத்தை ஆங்கில எழுத்தில், அச்சிட்ட புத்தகம் வேண்டவே வேண்டாம், தேர்வுத்தாளில் அது வராது. மாதிரி வினாக்கள் ஜேஎல்பிடி தளத்திலேயே ஒலியோடு இலவசமாகக் கிடைக்கின்றன.