0.6 முதல் 5 டிகிரி வரை என்றால் எதை வைத்துத் திட்டமிடுவது?

மரீன் பரேட் வாசி:
அனைவருக்கும் வணக்கம். 2024 ஜனவரியில் வெளிவந்த மூன்றாம் தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரையிலும், கடல்மட்டம் 1.15 மீட்டர் வரையிலும் உயரக்கூடும் என்கிறது. இவ்வளவு அகன்ற வரம்பை வைத்துக்கொண்டு கரையின் உயரத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? எங்கள் குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

வடிகால் பொறியாளர்:
ஐயா, அந்த அகலத்தில் பெரும்பகுதி, உலகம் இனி எவ்வளவு கரிமத்தை வெளியேற்றும் என்பது தெரியாததால் வருவது. குறைந்த வெளியேற்றம், மிகுந்த வெளியேற்றம் ஆகிய இரண்டின் முடிவுகளும் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு அதிகம் விலகுவதில்லை. அதன் பிறகுதான் பிரிகின்றன. ஆகவே, கட்டப்போவது எத்தனை ஆண்டு நிற்க வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீரேற்றும் பம்பு பழுதானால் மாற்றிவிடலாம். கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தை, மேலே கட்டடம் எழுந்த பிறகு உயர்த்த முடியாது. அதனால்தான் அத்தகைய நிலத்தின் குறைந்தபட்ச உயரம் 2011இல், சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கப்பட்டது. சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 5.5 மீட்டர் உயரத்தில் அமைகிறது.

கட்டுமானப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்:
நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்காமல் இன்றே பயன்படும் அறிவியலும் இருக்கிறது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், வெயில் ஆகிய நான்கையும் சேர்த்துக் காட்டும் டபிள்யூபிஜிடி அளவை எங்கள் தளத்தில் மணிக்கொரு முறை குறிக்கிறோம். அது 32 டிகிரியைத் தொட்டால், கடின வேலை செய்வோருக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும் என்பது 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த ஏற்பாடு. கான்கிரீட் ஊற்றும் நாளில் முணுமுணுப்பு எழத்தான் செய்கிறது. ஆனாலும் கருவி காட்டும் எண்ணோடு யாரும் வாதாட முடிவதில்லை.

மரீன் பரேட் வாசி:
நன்றி. உயர்வு 1.15 மீட்டர்தான் என்றால், 4, 5 மீட்டர் என்று ஏன் பேசுகிறார்கள்?

வடிகால் பொறியாளர்:
1.15 என்பது சராசரியின் உயர்வு மட்டுமே. அதன்மேல் உயர் ஓதமும் (அன்றாடக் கடல்நீர் ஏற்றம்) புயற்காற்று தள்ளிவரும் நீரும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கடல் அந்த உயரத்தை எட்டக்கூடும். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. என் கவலை வேறு. ஓதம் ஏறியிருக்கும் வேளையில் கனமழையும் பெய்தால், கடலைத் தடுக்கும் அதே சுவர் கால்வாய் நீரையும் உள்ளேயே நிறுத்திவிடும். கடலைத் தடுத்து நிற்கும் மரினா அணைக்கட்டில் ஓதம் தாழ்ந்திருக்கும்போது மதகுகளைத் திறந்துவிடுவார்கள். உயர்ந்திருக்கும்போது ராட்சதப் பம்புகள்தான் நீரைக் கடலுக்குள் தள்ளுகின்றன. கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் கடலைத் தூர்த்துச் சுமார் 800 ஹெக்டேரில் உருவாக்கத் திட்டமிடப்படும் லாங் ஐலேண்டிலும் இதே ஏற்பாடு தேவைப்படும். உங்கள் கூட்டத்துக்கு அதிகாரிகள் வந்தால், சுவரின் உயரத்தோடு, மழைநீர் எவ்வழியே வெளியேறும் என்பதையும் கேளுங்கள்.